சக்களத்தியைப் பார்க்கப் போனவள்

"இன்னைக்கு ஏறுவோம். மேல கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருப்போம். அப்புறம் இறங்கி வந்து இங்கயே தூங்குவோம்" என்றார் வழிகாட்டி. "மேல காத்து கம்மி. அதை உடம்புக்கு ஒரு தடவை காட்டிட்டு வரணும். கல்யாணத்துக்கு முன்னாடி மருமகளைக் கூட்டிட்டுப் போய் மாமியார்கிட்ட காட்டிட்டு வர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க. திடுதிப்புனு கொண்டுபோய் விட்டா ரெண்டு பேரும் முறைச்சுக்குவாங்க."

வாயைத் திறந்தால் "மெதுவா, மெதுவா" என்பதுதான் வரும் என்பதால் அந்த மனிதருக்கு மெதுவண்ணன் என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தது குழுவில் இருந்த மச்சான்கள் இரண்டு பேர். பெரியவருடைய தங்கையைச் சின்னவர் கட்டியிருந்தார். இருவரும் சேர்ந்து பெயின்ட் கடை நடத்துகிறவர்கள். கடையில் போட்ட சண்டையின் மிச்சத்தை மலைக்கும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"ஏறி இறங்குறதுதான் வேலைன்னா நம்ம லிஃப்ட்காரர் எதுக்கு இருக்கார்?" என்றார் சின்ன மச்சான். "சார், பட்டனை அமுக்குங்க. எல்லாரும் நின்னுக்கிட்டே போயிடலாம்."

கூடாரத்தின் முன்னால் எல்லோரும் சிரித்தார்கள். லிஃப்ட்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பின் வாலில் ஒரு சின்ன இருமல் ஒட்டிக்கொண்டு வந்தது. அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது. பெண்டாட்டியின் காது அப்படி.

அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதிக்கு அவர்தான் வைத்தியர். அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளர். பேருக்குத்தான் மேற்பார்வை, ஆள் வராத நாளெல்லாம் அவளே இயந்திரத்துக்குள் தலையை விட்டு ஈர விரிப்புகளை அள்ளி உலர்த்தியில் திணிப்பாள். நனைந்த விரிப்பு பிணமாய்க் கனக்கும். ஆள் குள்ளம்தான், ஆனால் தோளும் இடுப்பும் உரல் மாதிரி. அவர் அவளைக் "குள்ளி" என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் "இந்தாம்மா".

கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதே படுக்கையறையில் அந்த மலை இருந்தது. ஏதோ பழைய காலண்டரில் வந்த படத்தைக் கத்தரித்துச் சட்டம் போட்டு, கட்டிலுக்குப் பக்கச்சுவரில் மாட்டியிருந்தார். பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே அந்த மலைமேல் ஒரு நாள் நிற்பேன் என்று சொல்லித் திரிந்தவராம். காலையில் அவள் கண் விழிக்கும்போது அவர் ஏற்கெனவே விழித்திருப்பார். அவளுடைய தலைக்கு மேலாக, சுவரைப் பார்த்துக்கொண்டு. அந்தப் பார்வையில் அப்படி ஒரு கனிவு இருக்கும். தன்மேல் அது ஒரு தடவையாவது விழாதா என்று ஆரம்ப வருஷங்களில் அவள் தலையணையைக் கொஞ்சம் உயர்த்திக்கூடப் படுத்துப் பார்த்திருக்கிறாள்.

கெட்டவர் என்று சொல்ல ஒன்றுமில்லை. சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் லீவு போடுவார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். ஆனால் ஆள் முழுசாக வீட்டில் இருந்ததில்லை. மகள்தான் ஒரு நாள் விளையாட்டாகப் போட்டு உடைத்தாள். "அம்மா, அது உனக்குச் சக்களத்திம்மா. அதுவும் மூத்த சம்சாரம். நீதான் ரெண்டாவது." மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும்தான். அப்புறம் சமையலறைக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன வருஷம், அவர் ஒரு மலையேற்றக் குழுவில் பேர் கொடுத்துவிட்டு வந்தார். அவள் சட்டென்று சொன்னாள்: "நானும் வர்றேன்."

"நீ எதுக்கு? உனக்கு மாடிப்படி ஏறவே பிடிக்காதே."

"சக்களத்தியை நேர்ல பாக்க வேணாமா?"

அதற்குப் பிறகு வந்த மாதங்கள்தான் அவளுடைய கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். லிஃப்டைப் பராமரிப்புக்காக நிறுத்திவைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், முதுகுப்பையில் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டு இருவரும் ஏதாவது ஒரு கட்டடத்தின் படிகளில் ஏறுவார்கள். வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் படிக்கட்டில் பேசினார். சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி, முதல் தடவை லிஃப்ட் குழிக்குள் இறங்கியபோது கால் நடுங்கியது, அவளைப் பெண் பார்க்க வந்த அன்று சட்டையில் ஒரு பொத்தான் இல்லாமல் கையால் மறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது, எல்லாம். மொட்டைமாடிக் கதவைத் தள்ளித் திறந்ததும் புறாக்கள் எழும்பும். முதல் மடக்குத் தண்ணீரை அவளிடம் நீட்டுவார். மலை அப்படியே தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. வெளியில் சொல்லவில்லை.

இப்போது மலை வந்துவிட்டது. கணவாய்க்கு அந்தப் பக்கம் நின்றிருந்தது. முகாமிலிருந்து பார்த்தால் தெரியாது. கணவாய்க்கு ஏறினால்தான் தெரியும்.

வரிசையாக நடந்தார்கள். முன்னால் மெதுவண்ணன். அவருக்குப் பின்னால் கண் டாக்டரம்மா. ஓய்வுபெறப் போகிற வயது, ஒல்லியான உடம்பு, யாரோடும் அதிகம் பேசாதவர். அப்புறம் அவள், அவளுக்குப் பின்னால் அவர், கடைசியில் மச்சான்கள். பாதை முதலில் பெரிய கற்களுக்கு நடுவே போனது. பிறகு பொடிக்கல் சரிவு. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கியது.

தனக்குத்தான் முடியாமல் போகும் என்று அவள் பயந்திருந்தாள். எங்கேயாவது உட்கார்ந்துவிடுவோம், அவர் தனக்காகத் திரும்பி வர வேண்டியிருக்கும், அப்புறம் அதைச் சொல்லாமல் சொல்லி ஆயுசு முழுக்க வைத்திருப்பார் என்றெல்லாம். ஆனால் உடம்பு அவள் சொன்னபடி கேட்டது. கேட்டதற்கு மேலேயே செய்தது. மூச்சு துருத்திபோல் சீராகப் போய் வந்தது. கால்கள் தாமாகவே அடுத்த கல்லைத் தேடின. நீராவிக்குள் இத்தனை வருஷம் வெந்த உடம்புக்கு இந்தக் குளிர்ந்த, மெலிந்த காற்று ஏதோ விருந்து மாதிரி இருந்தது. கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது அவளுக்கு.

திரும்பிப் பார்த்தபோது அவர் பத்தடி பின்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை பார்த்தபோது குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த தடவையும் ஷூதான். மச்சான்கள் அவரைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

அவள் இறங்கிப் போனாள். "என்னங்க, முடியலையா?"

"யார் சொன்னா? ரசிச்சுக்கிட்டு வர்றேன்."

"என்னத்த ரசிக்கிறீங்க, வெறும் கல்லு."

"கல்லுல எத்தனை தினுசு இருக்கு பாரு" என்றவர், மேலே பேச முடியாமல் இருமினார். காலையில் கேட்ட இருமல் இல்லை இது. அடியில் ஈரம் இருந்தது.

"தலை வலிக்குதா?"

"எல்லாருக்கும் வலிக்கத்தான் செய்யும். மெதுவண்ணன்தான் சொன்னாரே. போ, போ. நீ நின்னா எனக்கும் நிக்கத் தோணும்."

மெதுவண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கேயே திருப்பிவிடுவார். கணவாய் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷம் சுவரில் பார்த்ததை அவர் நேரில் பார்க்கிற அந்த நிமிஷத்தில் அவருடைய முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தானே அவள் வந்ததே? அவருடைய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

கணவாயின் உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. மச்சான்கள் எதிரே மலையைப் பார்த்தபடி நின்றார்கள். சண்டைகூடப் போடவில்லை.

அவள் கடைசிக் கல்லில் ஏறி நின்றதும் முதலில் செய்தது திரும்பி அவரைப் பார்த்ததுதான். அவர் வந்து சேர்ந்திருந்தார். ஆனால் மலையைப் பார்க்கவில்லை. ஒரு பாறையில் உட்கார்ந்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் தலையைத் தொங்கப்போட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த முகம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாமல் எதிரே பார்த்தாள்.

படத்தில் இருந்தது வேறு. படத்தில் அது ஒரு முக்கோணம், கொஞ்சம் வெள்ளை, கொஞ்சம் நீலம். இங்கே அது உட்கார்ந்திருந்தது. அவ்வளவு பெரிதாக ஒன்று அவ்வளவு பேசாமல் இருக்க முடியும் என்று அவள் நினைத்ததில்லை. தோளிலிருந்து புகைபோலப் பனி பறந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. உச்சிக்குப் போகிற விளிம்பு ஒரு மடிப்பு வைத்த துணியின் ஓரம்போல நேராக மேலே போனது. அந்த விளிம்பில் ஒருத்தி நடக்கலாம் போலிருந்தது. ஒருத்தி என்றால் யார்? அவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. பசியில் இழுக்குமே, அப்படி. அடப்பாவி மனுஷா, இதுக்குத்தானா, என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது.

திரும்பியபோது அவர் தலையை நிமிர்த்தியிருந்தார்.

அதற்குள் கண் டாக்டரம்மா அவரிடம் போயிருந்தார். உதட்டைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். பிறகு "எழுந்து எனக்காக நேரா நாலடி நடங்க. ஒரு கால் குதிகாலை இன்னொரு கால் விரல்ல ஒட்டி வெச்சு" என்றார். அவர் எழுந்தார். இரண்டாவது அடியிலேயே குடித்தவன் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார். பெரிய மச்சான் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார்.

"நான் கண்ணு டாக்டர்தான். ஆனா இதைக் கேக்க எந்த டாக்டரும் வேணாம். நெஞ்சுல நீர் கோத்திருக்கு. இப்பவே இறங்கணும்."

"கொஞ்சம் உக்காந்தா சரியாயிடும்" என்றார் அவர்.

"உக்காந்தா சரியாகாது. இறங்கினாத்தான் சரியாகும்" என்றார் மெதுவண்ணன். அவர் வேகமாகப் பேசி அன்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

ஒரு பக்கம் அவள், மறுபக்கம் பெரிய மச்சான். அவருடைய கையைத் தன் கழுத்தில் சுற்றிப் போட்டு, இடுப்பைப் பிடித்து, அவள் பொடிக்கல் சரிவில் சறுக்கிச் சறுக்கி இறங்கினாள். பாதி வழியில் அவருக்குப் புத்தி கலங்கியது. "குள்ளி, மூணாவது மாடியில கதவு சரியா மூடல. யாரையும் ஏற விடாத" என்றார். "விடல, நீங்க காலை வைங்க" என்றாள். "யாரோ உள்ள இருக்காங்க குள்ளி, தட்டுறாங்க" என்றார். "நான் தொறந்து விட்டுட்டேன். போயிட்டாங்க. நீங்க காலை வைங்க." முகாம் கண்ணில் பட்ட பிறகுதான் அவள் அழுதாள், அதுவும் காற்றில் கண் கரிக்கிற மாதிரி, யாருக்கும் தெரியாமல்.

முகாமில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தது. முகமூடியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் உதட்டின் நீலம் குறைந்தது, பேச்சும் தெளிந்தது. பொழுது சாய்வதற்குள் மெதுவண்ணன் முடிவைச் சொல்லிவிட்டார். விடிந்ததும் கோவேறு கழுதையில் ஏற்றி, துணைக்கு ஓர் ஆளும் போட்டு, அவரைக் கீழே பள்ளத்தாக்கு ஊருக்கு அனுப்ப வேண்டும். திரும்பி ஏறுகிற பேச்சே கிடையாது.

"அடுத்த வருஷம்?" என்று கேட்டார் அவர்.

"இந்த நெஞ்சு நீர் ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடியும் வரலாம்" என்றார் டாக்டரம்மா. "நான் உங்க இடத்துல இருந்தா இங்க வர மாட்டேன்." சொல்லிவிட்டு இருவரையும் தனியே விட்டு வெளியே போனார்.

கூடாரத் துணியில் கடைசி வெயில் மஞ்சளாக இருந்தது. அவள் இரண்டு பேருடைய சாமானையும் பிரித்துப் பையில் போட ஆரம்பித்தாள்.

"உன்னுத எதுக்கு கட்டுற?" என்றார்.

"பின்ன? நானும்தானே வர்றேன்."

"நீ மேல போ குள்ளி."

"நான் உங்களோட வந்தவ. மலையோட வரல."

"பொய் சொல்லாத."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"மேல நான் தலையைத் தூக்கினப்ப மலைய முதல்ல பாக்கல" என்றார். நிறுத்தி நிறுத்தித்தான் பேச முடிந்தது. "நீதான் நடுவுல நின்ன. உன் மூஞ்சியப் பாத்தேன். அது எந்த மூஞ்சின்னு எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா நான் வெச்சுக்கிட்டுத் திரியற மூஞ்சி அது. எங்கிட்டயே மறைக்கிறியே."

அவளுக்குக் கையும் களவுமாகப் பிடிபட்டதுபோல் முகம் சுட்டது. அந்தச் சூட்டில்தான் வாயில் வந்துவிட்டது. "எனக்கு அது வேணாங்க. அதை நீங்க பாத்த மாதிரி என்னை ஒரு நாள் பாத்திருந்தா எனக்கு அது போதும்."

வெளியே மச்சான்கள் யார் கையுறையை யார் போட்டிருப்பது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மன்னிப்புக் கேட்பார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை. "படிக்கட்டுல உன்னை முன்னாடி விட்டுட்டு நான் பின்னாடி வருவேனே. அப்ப எதைப் பாத்துக்கிட்டு வந்தேன்னு நினைக்கிற?" என்றார்.

"ச்சீ. உடம்பு இருக்கிற இருப்புல பேச்சப் பாரு" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் சிரிப்பு வந்து, அது இருமலாகி, அவள் முதுகைத் தடவிவிட்டாள்.

இருமல் அடங்கியதும் சொன்னார்: "எனக்காகப் போன்னு சொல்லல. அப்படிச் சொன்னா நீ போயிடுவ, அது வேணாம். உனக்கு ஆசையா இருந்தாப் போ. இல்லன்னா வா, ரெண்டு பேரும் இறங்கலாம்."

அவளுடைய ஆசை என்ன என்று அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காததால் யோசித்து வைத்ததும் இல்லை. அந்த நேராக ஏறும் விளிம்பு கண்ணுக்குள் நின்றது. பக்கத்தில் இந்த மனிதரின் சூடான முதுகு கைக்குள் இருந்தது. இரண்டும் வேண்டும்போலிருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் இல்லை.

காலையில் கழுதையின் மேல் அவரை ஏற்றினார்கள். போர்வைகளைச் சுற்றி உட்காரவைத்ததில் பொதி எது, ஆள் எது என்று தெரியவில்லை என்றார் சின்ன மச்சான். கற்களுக்கு நடுவே பாதை திரும்புகிற இடம்வரை அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அங்கிருந்து மலை தெரியாது, கணவாய் மறைத்திருந்தது. அவர் பார்க்க அங்கே அவள் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேல்முகாமில் சின்ன மச்சானுக்கு வயிறு புரட்டிப்போட்டது. "என் தங்கச்சிக்கு நான்தானே பதில் சொல்லணும்" என்று திட்டிக்கொண்டே பெரிய மச்சான் அவரைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். மிஞ்சியது மெதுவண்ணனும் டாக்டரம்மாவும் அவளும். காற்று இரண்டு நாள் விடவில்லை. கூடாரத்துக்குள் படுத்தபடி, அவர் இந்நேரம் சாப்பிட்டிருப்பாரா, இருமல் நின்றிருக்குமா, நிற்காவிட்டால் பக்கத்தில் யார் என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள். இறங்கிவிடலாம் என்று ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை தோன்றும். கூடாரத்தின் வாயைத் திறந்து விளிம்பைப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். மூடினால் திரும்ப வரும்.

காற்று நின்ற அன்று ஏறினார்கள். கயிறு, பனிக்கோடரி, ஓரடிக்கு நாலு மூச்சு. வெயில் நன்றாக ஏறிய பிறகு, இனிமேல் ஏற ஒன்றுமில்லை என்கிற இடத்துக்கு வந்து நின்றார்கள். நாலு பேர் நிற்கலாம், ஐந்தாவது ஆள் யோசிக்க வேண்டும். அவ்வளவுதான் இடம்.

அவள் வலது பக்கம் திரும்பி, "என்னங்க..." என்றாள்.

"என்ன?" என்று டாக்டரம்மா திரும்பினார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

சுற்றிலும் எத்தனையோ மலைகள் தெரிந்தன. அவர் ஆயுசெல்லாம் பார்த்த மலை மட்டும் அங்கிருந்து தெரியவில்லை. அது காலுக்குக் கீழே கொஞ்சம் மிதிபட்ட பனியாக இருந்தது. பள்ளத்தாக்கு ஊர் இருக்கும் திசையைக் கேட்டாள். மெதுவண்ணன் கையை நீட்டிக் காட்டினார். மேகம் மூடியிருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண் கூசக் கூச, அந்த மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேகம் விலகினால்கூட அத்தனை தூரத்தில் ஓர் ஆள் தெரிய மாட்டார் என்பது தெரியாமல் இல்லை.

"போதும்மா, இறங்கணும்" என்று மெதுவண்ணன் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் நகர்ந்தாள்.

பள்ளத்தாக்கு ஊரின் விடுதி வாசலில், வெயிலில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். கைகளில் கிரீஸ்.

"இது என்ன கோலம்?" என்றாள்.

"இங்க துணி துவைக்கிற மெஷின் ஓடாம கெடந்துச்சு. உன் ஞாபகம் வந்துச்சா, பிரிச்சுப் பாத்தேன்."

"ஓடுதா?"

"சத்தம் போடுது. ஓடல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் வந்தன. பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் முகத்தில் குளிர் உரித்த தோலை அவர் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், கன்னத்தில் கிரீஸ் பட்டது. போனாயா, நின்றாயா என்றெல்லாம் கேட்கவில்லை, முகத்திலேயே தெரிந்திருக்கும்.

"சொல்லு" என்றார்.

"எங்கேர்ந்து?"

"கணவாயிலேர்ந்து. அதுக்கு மேல எனக்குத் தெரியாதே."

அவள் சொன்னாள். அவர் குறுக்கே குறுக்கே கேட்டார். பனியை மிதித்தால் என்ன சத்தம் வரும்? காற்று எந்தக் காதில் அடித்தது? விளிம்பில் நடக்கும்போது இரண்டு பக்கமும் தெரிந்ததா, இல்லை ஒரு பக்கம்தானா? கேட்கும்போதெல்லாம் அவருடைய கண் அவள் முகத்தை விட்டு அசையவில்லை. கல்யாணமான நாளாக அவள் ஏங்கிக் கிடந்த அதே கனிவு, கைக்கெட்டும் தூரத்தில், அவள்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அது தன்னைத்தான் பார்க்கிறதா, தன் முகத்துக்குள் இருக்கும் மலையைப் பார்க்கிறதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு கணம் பேச்சு நின்றது.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார்.

கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. "அப்புறம் கயிறு கட்டின இடம் வந்துச்சு" என்று தொடர்ந்தாள். நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய விரல்கள் தாமாக இறுகின. அந்த இடத்தில் இல்லாத ஒரு வளைவையும் ஒரு பாறையையும் அவள் சேர்த்துச் சொன்னாள். உச்சி வந்துவிட்டால் கதை முடிந்துபோகுமே என்று, முடிந்த மட்டும் நீட்டிக்கொண்டு போனாள்.